தூசியே இல்லாத அறை

அத்தியாயம் பதினொன்று

"உங்க அண்ணன் வீடுன்னு சொன்னியே, அது காலி வீடா?"

கேட்டவர் கண்ணாடிக்காரர். காலையிலிருந்து மாலை வரை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கண்ணாடித் துண்டுகளைப் பார்ப்பவர், மூக்கின் மேலும் தடிமனாக ஒரு கண்ணாடி. அதனால் ஆய்வகத்தில் அவருக்கு வேறு பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. சின்னவள் அப்போது காற்று பிடிக்கும் பம்பைத் துடைத்து, அது உறிஞ்சும் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலி வீடா? அம்மா, அண்ணன், அண்ணி மூணு பேரும் அங்கேதான் இருக்காங்க. அந்த மாடி ரூம்ல அண்ணனும் அண்ணியும்தான் படுக்கறது."

"அப்படியா?" என்று இழுத்தார் அவர். "அப்போ நீயே வந்து பாரு."

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னவளின் வேலை, வீடுகளுக்குப் போய்க் காற்றைப் பிடித்து வருவது. பூட்டி வைத்த அறையில் சின்ன பம்பை ஓடவிடுவாள். அது உறிஞ்சும் காற்று, ஒரு டப்பிக்குள் இருக்கும் பிசின் தடவிய கண்ணாடித் துண்டில் போய் மோதும். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து, மகரந்தம், தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வெளியே ஒரு டப்பி, உள்ளே ஒரு டப்பி. இரண்டையும் கண்ணாடிக்காரர் எண்ணி ஒப்பிட்டுச் சொல்வார். அண்ணி ஆறு மாதமாக மாடி அறையில் படுத்தால் இருமினாள், கூடத்தில் படுத்தால் அடங்கியது. அண்ணன் அதை நம்பவில்லை. அம்மா ஒரு படி மேலே போய் நடிப்பு என்றே சொல்லிவிட்டாள். பஞ்சாயத்து சின்னவளிடம் வந்தது. போன வாரம் பம்போடு போனாள், காற்றைப் பிடித்தாள், அறை சுத்தம் என்று முடிவு வந்தது. அதைத் தன் வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொன்னாள். "காத்துல ஒண்ணுமில்ல, உன் மனசுலதான் கோளாறு" என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். அண்ணி ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். இன்று சாயங்காலம் அவளுடைய தம்பி காரோடு வருகிறான்.

சின்னவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். மறுபடியும் நகர்த்தினாள்.

மனிதர்கள் புழங்கும் அறையின் காற்று கடைத்தெரு மாதிரி நெரிசலாக இருக்கும். உதிர்ந்த தோல் செதில், துணியிலிருந்து பிரிந்த நூல், தலையணைப் பஞ்சு என்று ஏதாவது மிதந்துகொண்டே இருக்கும். நீங்கள் எவ்வளவு சுத்தக்காரராக இருந்தாலும் உங்கள் தோல் உதிராமல் இருக்காது. இரண்டு பேர் தூங்கி எழுந்திரிக்கிற அறையில் இதெல்லாம் இல்லாமல் போக வழியே இல்லை. அண்ணன் வீட்டுக் கண்ணாடியிலோ பேருக்குக்கூட ஒரு செதில் இல்லை.

"பூஞ்சை வித்து எவ்வளவுன்னுதான் கேட்டே, அதை எண்ணி எழுதினேன்," என்றார் கண்ணாடிக்காரர். "மத்ததும் ஒண்ணுமே இல்லைங்கறதை இன்னிக்கு, பழைய ஸ்லைடையெல்லாம் எடுத்து அடுக்கறப்பதான் கவனிச்சேன். அன்னைக்கே பார்த்திருக்கணும். நீ போறதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்கன்னு கேட்டியா?"

சின்னவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். கேட்கவில்லை.

வேறு எந்த வீடாக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்பாள். எப்போது பெருக்கினீர்கள், ஜன்னல் எப்போது திறந்தது, மின்விசிறி ஓடியதா, மெத்தை விரிப்பு மாற்றினீர்களா. பதில் சரியில்லை என்றால் பம்பை வெளியே எடுக்காமலே திரும்பி வந்துவிடுவாள். பணக்கார வீட்டம்மாக்கள் முறைத்தாலும் அசர மாட்டாள். அண்ணன் வீட்டில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், டீ குடித்து, நேராக மாடிக்கு ஏறிவிட்டாள். பெற்ற தாயை யார் வாசலில் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள்? முதல் நாளே போனில் சொல்லியிருக்கிறோமே, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அன்றைக்குத் தான் வருவதற்கு முன் மாடி அறையைப் பெருக்கினாயா என்று கேட்டாள்.

அம்மாவின் குரலில் பெருமை பொங்கி வழிந்தது. பெருக்குவதாவது! விடிவதற்கு முன்னால் எழுந்து திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தாளாம். மெத்தையை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய் அடித்தாளாம். தரையை மருந்து ஊற்றி இரண்டு தடவை துடைத்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, காய்கிற வரைக்கும் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டாளாம். தெருமுனையில் மகளின் ஸ்கூட்டர் திரும்பியதும் ஓடிப்போய் எல்லாவற்றையும் சாத்தினாளாம்.

"ஜன்னல் சாத்தியிருக்கணும்னு சொன்னே. நீ வர்றப்போ சாத்தித்தானே இருந்துச்சு?"

"முந்தின நாளே சாத்தணும், பெருக்கக் கூடாதுன்னும் சொன்னேனேம்மா."

"அது மத்தவங்களுக்குச் சொல்றது. நீ மகளா வந்தா வீடு எப்படி இருந்தா என்ன, அன்னைக்கு ஆபீஸா வந்தே. என் வீட்டுத் தூசியைப் பிடிச்சுட்டுப் போய் பூதக்கண்ணாடியில வெச்சு நாலு பேருக்குக் காட்டுவே, நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? ஒரு தூசியாவது இருந்துச்சா, சொல்லு."

"இல்லம்மா. அதான் இப்போ பிரச்சினை."

போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றாள். கோபம் அம்மா மேல் வரவில்லை. அம்மா எப்போது யார் பேச்சைக் கேட்டிருக்கிறாள்? தன் மேல்தான் வந்தது. அரைகுறையாக ஒரு வேலையைச் செய்து, அதை வேதவாக்கு மாதிரி ஒப்பித்து, ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கி வைத்திருக்கிறாள். அதுவும் ஆபீஸ் முத்திரையோடு.

ஒழுங்காகத் திரும்ப எடுப்பதென்றால் அறையை ஒரு நாள் முழுக்கப் பூட்டிவைக்க வேண்டும். அண்ணி சாயங்காலம் போய்விடுவாள். இந்தப் பழியோடு படி இறங்கிப் போனபின் நாளை மறுநாள் ஆதாரத்தைக் கொண்டு போய் யாரிடம் நீட்டுவது?

கண்ணாடிக்காரர்தான் வழி சொன்னார். "அறைக் காத்தைத்தானே உங்கம்மா கழுவிட்டாங்க? சுவருக்குள்ள இருக்கறதைக் கழுவியிருக்க மாட்டாங்க. உங்க அண்ணன் அங்கே சுவர் மேல பலகை அடிச்சிருக்காருன்னு சொன்னியே."

பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பலகையில் சின்னதாக ஓட்டை போட்டு, அதில் குழாயைச் செருகி, பம்பை ஓட்டினால் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று டப்பிக்கு வரும். சின்னவள் மேலாளரிடம் போய், போன வார முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். அவர் முகத்தைச் சுளித்தார். சொந்தக்காரர் வீட்டு வேலைக்கெல்லாம் இனி வேறு ஆளைத்தான் அனுப்புவேன் என்றார். பிறகு பம்பை எடுத்துப்போகச் சொன்னார்.

அண்ணன் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவன். அன்று ஒரு துணிக்கடையில் அலமாரி பொருத்திக்கொண்டிருந்தான். தங்கை சொன்னதையெல்லாம் காதில் பென்சிலைச் செருகியபடி கேட்டான். ஓட்டை என்ற சொல் வந்ததும் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டான். அந்த மாடி அறைச் சுவர் அவனுடைய செல்லப்பிள்ளை. தரையிலிருந்து கூரை வரை தேக்கு நிறப் பலகை, ஆணி எங்கே அடித்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. வாடிக்கையாளர்களை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டுவான். பாதி வேலை அந்தச் சுவரைக் காட்டித்தான் பிடித்தான்.

"போன வாரம் சுத்தம்னே. இந்த வாரம் இல்லைங்கறே. அடுத்த வாரம் என்ன சொல்வே?"

"போன வாரம் நான் சொன்னது தப்புண்ணா. இதை அண்ணிகிட்டேயும் போய்ச் சொல்லப்போறேன். நீ வந்தாலும் வரலைன்னாலும்."

அண்ணன் அலமாரியைப் பார்த்தான். எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டான். குளியலறைக்கு முதுகு கொடுத்த பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் மேலே, என்றாள் அவள். அதைக் கேட்டு அவன் கையிலிருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே நின்றது சின்னவளுக்கு வித்தியாசமாகப் பட்டது. அழகு கெடும் என்ற வருத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

"சரி, போடறதுன்னா நான்தான் போடுவேன்," என்று டிரில்லிங் மெஷினைப் பைக்குள் போட்டான். "என் பலகையில வேற யாரும் கை வைக்கக் கூடாது."

வீட்டில் அண்ணி கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து, கடைசியாகக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்று, யாரிடம் என்றில்லாமல், அந்தத் துண்டு இந்த வீட்டுத் துண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி அந்தத் துண்டை எடுத்துத் தனியாக வைத்தாள்.

சின்னவள் பம்புப் பையைக்கூட இறக்காமல் நேராக அவள் எதிரில் போய் நின்றாள். "அண்ணி, நான் எடுத்த டெஸ்ட் செல்லாது. கேக்க வேண்டியதைக் கேக்காம எடுத்துட்டேன். உங்களைப் பத்தி இவங்க பேசினதுக்கெல்லாம் நான்தான் இடம் கொடுத்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கும், கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் சின்னவள் வரும் வழியில் கற்பனை செய்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி," என்றாள் அண்ணி. "இப்போ என்ன பண்ணணும்?"

மாடிக்கு நாலு பேருமாக ஏறினார்கள். அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து, சின்னவள் காட்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தான். மெஷின் உறுமியது.

நல்ல பலகையில் ஓட்டை போட்டால் தூள் உலர்ந்து பொலபொலவென்று உதிர வேண்டும். இதில் உதிரவில்லை. துளைக்கிற கம்பியை வெளியே இழுத்தபோது அதன் புரிகளில் கறுப்பாகக் களி மாதிரி அப்பியிருந்தது. அண்ணன் அதை இரண்டு விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தான். ஓட்டையிலிருந்து, நனைந்த சாக்கு மூட்டையை அவிழ்த்த மாதிரி ஒரு நாற்றம் வந்தது. மருந்து போட்டுத் துடைத்த அறையில் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அம்மா மூக்கைச் சுளித்தாளே தவிர, வாய் திறக்கவில்லை. அம்மா பேசாமல் இருப்பது அந்த வீட்டில் அபூர்வம்.

சின்னவள் குழாயைச் செருகினாள். பம்பு ஓடி முடிகிறவரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் டப்பியின் இரண்டு வாயையும் ஒட்டி, குளியலறைச் சுவர், பலகைக்கு உள்ளே என்று மேலே எழுதினாள். ஓட்டையின் மேல் அகலமான டேப்பை ஒட்டி மூடினாள். நாளை மத்தியானம் கண்ணாடிக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார், அதுவரைக்கும் யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்றாள்.

"நாளைக்கு எதுக்கு?" என்றான் அண்ணன், தரையிலிருந்து எழுந்திரிக்காமலே. "ஈரம்தான். தெரியும் எனக்கு."

விரலில் தேய்த்துப் பார்த்ததைத்தான் சொல்கிறான் என்று சின்னவள் நினைத்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அண்ணி மட்டும் முந்தானையைக் கீழே இறக்கினாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

அண்ணன் மெஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். சுற்றி முடித்தான். தப்பிக்க வேறு வேலை ஒன்றும் மிச்சம் இல்லை. பிறகு சொன்னான். அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் குளியலறைக் குழாய் இணைப்பு உள்ளுக்குள்ளேயே ஒழுகியது. பிளம்பர் வந்து சரிசெய்தார். சுவர் நன்றாக ஊறியிருக்கிறது, ஒரு மாதமாவது காயவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே ஒரு பெரிய வாடிக்கையாளர் பலகை வேலையைப் பார்க்க வீட்டுக்கு வருவதாக இருந்தார். அண்ணி திரும்பி வரும்போது அறையை அழகாக்கி அவளை அசத்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஈரத்தின் மேலேயே பலகையை அடித்துவிட்டான்.

"உள்ளேயே காஞ்சிடும்னு நினைச்சேன்," என்றான். "சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"நான் இரும ஆரம்பிச்சப்போ?"

அண்ணன் டேப் ஒட்டிய ஓட்டையைப் பார்த்தான். அண்ணி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க அப்போ வீட்லதானே இருந்தீங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள். தான் துடைத்த தரை.

அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "இந்தச் சுவரைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். எங்க வீட்டுக்கெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். பூஞ்சை இருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சா பெட்டியைத் திரும்பப் பரண்ல வெச்சுடலாம்னு நினைச்சுத்தான் மாடி ஏறினேன். நிஜமா. தெரியாம நடந்திருந்தா இருந்திருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே என் மனசுல கோளாறுன்னு சொன்னீங்களே."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். கண்ணில் நீர்தான் வந்தது. தெருவில் கார் ஹாரன் கேட்டது.

அண்ணி இறங்கிப் போனாள். அம்மா சின்னவளின் கையைப் பிடித்து, நீ சொன்னால் கேட்பாள், எப்படியாவது நிறுத்து என்றாள். சின்னவளுக்கு அந்த நிமிடம் அண்ணன் மேல் இருந்த பாசமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்து ஊரெல்லாம் சுற்றிய அண்ணன்தான். அதற்காக இதை எப்படி விழுங்குவது? கையை விடுவித்துக்கொண்டு கீழே போய், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை அண்ணி பிடித்தாள். இரண்டு பேருமாக வாசல்வரை தூக்கிக்கொண்டு போனார்கள்.

தம்பி பெட்டியை வாங்கிக் காரில் வைத்தான். அண்ணி ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல் சின்னவளைப் பார்த்தாள்.

"நாளைக்கு வர்ற ரிப்போர்ட்டை எனக்குக் கொடு. அவருக்கு இல்ல. என் பேர்ல எழுதிக் கொடு."

எதற்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரிடம் காட்டவா, வக்கீலிடம் காட்டவா? அது வாடிக்கையாளர்களின் கைக்குப் போனால் அண்ணனின் தொழில் அன்றோடு முடிந்தது. இதெல்லாம் சின்னவளுக்குத் தெரியாமல் இல்லை. பையிலிருந்த டப்பி திடீரென்று கனத்தது.

"உங்க பேர்லயே தர்றேன், அண்ணி," என்றாள்.

அப்போதுதான் மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கடப்பாரை போட்டு நெம்புகிற சத்தம், பலகை பிளக்கிற சத்தம். அண்ணன் தன் கையால் அடித்த சுவரைத் தன் கையாலேயே பிய்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். அறைக் கதவைச் சாத்தியிருக்க மாட்டான். முகத்தில் துணி கட்டியிருக்க மாட்டான். ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்ததை ஒரே இழுப்பில் திறந்தால், அந்தப் பூஞ்சை மாடி அறையோடு நிற்காது. படி வழியாக இறங்கி வீடு முழுக்கப் பரவிவிடும்.

பலகை பிளக்கும் சத்தத்துக்கு நடுவே யாரோ இருமினார்கள். ஒரு தடவையோடு நிற்கவில்லை. மூச்சு வாங்கி, மறுபடி இருமி, மறுபடி மூச்சு வாங்கி.

அண்ணி ஒரு காலைக் காருக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்த இருமலை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"அது அத்தை," என்றாள். "நிக்காதே, ஓடு. முதல்ல அவங்களை வெளியில கூட்டிட்டு வா."